மரப்பாச்சிக்கு மார்க் போட்ட அக்கா

என் பொறுமையை மில்லிமீட்டர் மில்லிமீட்டராகத் தின்று தீர்த்தவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டால், முதல் இடம் ஒன் பை ட்வெல்வ் அக்காவுக்குத்தான். என் மாமியாருக்கே இரண்டாம் இடம். இதை அவர் படித்தாலும் பரவாயில்லை, உண்மையை மாற்ற முடியாது.

திருப்பதியில், கோவிந்தராஜ சுவாமி கோயிலுக்குப் பின்னால் ஒரு தெருவில், மாடி போர்ஷனில் நானும் அவளும் மூன்று வருஷம் குடியிருந்தோம். இருவருக்கும் ஸ்ரீசிட்டியில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை. நான் ஹெச்.ஆர்., அவள் குவாலிட்டி. மெஷின் துப்புகிற மூடிகளைக் காலிப்பர் வைத்து அளந்து, 'இது ஓகே, இது ரிஜெக்ட்' என்று சொல்வதற்கு அவளுக்குச் சம்பளம். ஷிஃப்ட் முடிந்ததும் மற்றவர்கள் காலிப்பரை லாக்கரில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அக்கா சொந்தமாக ஒன்று வாங்கி ஹேண்ட்பேக்கில் வைத்திருந்தாள், சீப்புக்குப் பக்கத்தில்.

நகரியிலிருந்து அவள் குடிவந்த அன்று ஒரு சூட்கேஸ் துணியும் ஒன்பது அட்டைப்பெட்டிகளும் வந்தன.

"பாத்திரமா அக்கா?"

"இல்லம்மா. ஆளுங்க."

திறந்தால், முதுகில் கேப் கட்டிய வீரர்கள், வாள் பிடித்த வீராங்கனைகள், கொம்பு வைத்த ரோபோக்கள். கழுத்து, முழங்கை, முழங்கால், விரல் என்று எங்கே வேண்டுமானாலும் மடங்குகிற ஆக்‌ஷன் ஃபிகர்கள். "இவ்வளவு பொம்மையா!" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "பொம்மை கொழந்தைங்க வெளையாடறது. இது கலெக்‌ஷன்" என்றாள். அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. மூன்று வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நிம்மதியான நாள் அது.

பேர் வந்த கதை இது. ஆறடி ஆளை ஆறு இஞ்சில் செய்தால் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதற்கு ஒன் பை ட்வெல்வ் ஸ்கேல் என்று பெயர். இதை அவள் கம்பெனி பஸ் டிரைவருக்கும், கேட் செக்யூரிட்டிக்கும், ஆடிட் பண்ண வந்த வெளிநாட்டுக்காரருக்கும் விளக்கியிருக்கிறாள். பார்சலிலும் பெயருக்குக் கீழே 1/12 என்று பெரிதாக இருக்கும். கொரியர்காரர் அதைக் கதவு நம்பர் என்று நினைத்து, "ஒன் பை ட்வெல்வ் எக்கட மேடம்?" என்று தெருவில் நின்று கத்துவார். தெருவுக்கே அதுதான் அவள் பெயர் ஆகிவிட்டது.

அவள் உலகத்தில் இரண்டு வல்லரசுகள். சிவப்பு டப்பா கம்பெனி, கறுப்பு டப்பா கம்பெனி. நிஜப் பெயர்கள் என் வாயில் நுழையாததால் நான் வைத்தவை இவை. இரண்டு கம்பெனியும் ஒரே வீரனைச் செய்யும். ஒரே கேப், ஒரே முறைப்பு.

"இத பாரு. ரெண்டு டப்பாவுலயும் ஒன் பை ட்வெல்வ்னுதான் போட்டுக்கினு இருக்கான். பக்கத்துல நிக்க வெச்சா ஒருத்தன் நைனா மாதிரி இருக்கான், ஒருத்தன் புள்ள மாதிரி இருக்கான். இன்னா அநியாயம் இது?"

"பக்கத்துல நிக்க வைக்காதே அக்கா."

அளவில் தேறாத மூடியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

சிவப்புக்கு மூட்டு நன்றாக இருக்குமாம், முகம்தான் வீங்கியிருக்குமாம். கறுப்புக்கு முகம் லட்சணம், ஆனால் நிற்க மாட்டான், ஃபேன் காற்றுக்கே விழுந்துவிடுவான். இரண்டையும் ஒப்பிட்டு அவள் போனில் ரிவ்யூ வீடியோ எடுப்பாள். அதனால் மே மாதத்து திருப்பதி வெயிலில் எங்கள் அறையில் ஃபேன் ஓடாது. நான் வியர்த்து வழிந்துகொண்டு டார்ச் பிடிக்க வேண்டும். "ஆடாதே, மூஞ்சில நெழல் வுழுது" என்பாள். என் மூஞ்சியைப் பற்றி அவளுக்குக் கவலை கிடையாது.

ஒரு நாள் காலை காபிக்குத் தண்ணீர் வைக்கப் போய்க் கெட்டிலைத் திறந்தேன். உள்ளே ஒரு கை மிதந்தது.

"மூட்டு இறுகிப் போச்சு. சுடுதண்ணில கெடந்தா எளகும். ரெண்டு நிமிஷம் இரு."

"அது காபிக் கெட்டில் அக்கா!"

"சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் போட்டேன்."

"கெட்டிலையா?"

"கைய."

எல்லாவற்றுக்கும் பத்துக்கு மார்க் போட்டு ஒரு நோட்டில் எழுதுவாள். அந்த நோட்டில் யாருமே ஏழு மார்க்கைத் தாண்டியதில்லை. எனக்கு வரன் வந்து பையன் போட்டோவைக் காட்டியபோது, வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "டப்பா மேல படம் நல்லாத்தான் இருக்குது. தெறந்து பாத்தாத்தான் தெரியும்" என்று திருப்பிக் கொடுத்தாள். அவரைக் கல்யாணம் செய்துகொண்டு இத்தனை நாளாகியும் அந்த வாக்கியம் அவ்வப்போது நினைவுக்கு வந்து தொலைக்கிறது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். கொலு விஷயத்தில்தான் என் பொறுமை அறுந்தது.

கீழே குடியிருந்தவர்கள்தான் வீட்டுக்காரர்கள். மாமா கோயிலில் பாசுரம் ஓதிப் பிரபந்தம் சேவிக்கிறவர். வீட்டில் அதிகம் பேச மாட்டார். இரண்டு பேருக்குமான பேச்சை மாமி பார்த்துக்கொள்வார். அந்த வருஷம் நவராத்திரிக்கு முன்னால் அமாவாசையன்று மாமி மாடிக்குக் குரல் கொடுத்தார். "கொழந்தேளா, எனக்கு முழங்கால் மடங்கமாட்டேங்கறது. கொலுப்படியில பொம்மை எடுத்து வைக்க வாங்கோ."

"மூட்டு இறு..." என்று ஆரம்பித்த அக்காவின் காலை மிதித்தேன்.

மத்தியானத்துக்குள் ஏழு படியும் அழகாக நிறைந்துவிட்டது. மாமி சமையலறைக்குப் போனார். நான் பூ வாங்கப் போனேன். அக்காவைத் தனியாக விட்டுவிட்டுப் போனேன். இன்று நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

திரும்பி வந்தபோது மேல்படியில் பெருமாளைக் காணோம். தசாவதாரம் மூன்று படிகளில் சிதறிக் கிடந்தது. வராகருக்குப் பக்கத்தில் டிராஃபிக் போலீஸ். கல்யாண ஊர்வலத்துக்கு நடுவில் கிரிக்கெட் டீம்.

"என்னக்கா பண்ணி வெச்சிருக்கே?"

"ஸ்கேல்படி அடுக்கினேன். கொண்டப்பள்ளி, பண்ருட்டி, காஞ்சிபுரம், எல்லா ஊரு பொம்மையும் கலந்துகினு கெடந்துது. வாமனரு நரசிம்மர விட ஒசரம்மா! யாரும் கேக்க மாட்டாங்களா?"

யாரும் கேட்டதில்லை. நூறு வருஷமாக யாருமே கேட்டதில்லை.

சுண்டல் கரண்டியோடு மாமி வந்தார். பெருமாளைத் தேடவில்லை. அவர் கண் நேராக மரப்பாச்சிக்குப் போயிற்று. செஞ்சந்தனக் கட்டையில் செய்த தம்பதி. எந்தக் கொலுவிலும் அவர்களுக்குத்தான் முதல் மரியாதை. அம்மா மரப்பாச்சி இரண்டாம் படியில் இருந்தது. ஐயா ஆறாம் படியில்.

"தம்பதியைப் பிரிச்சுட்டியேடீ பாவி! நல்ல நாளும் அதுவுமா!"

"தம்பதி இல்ல மாமி" என்றாள் அக்கா, காலிப்பரைத் துடைத்தபடி. "வேற வேற கம்பெனி. அம்மா பழைய கட்டை. உளி புடிச்சவன் கை நல்ல கை. ஐயாவுக்கு மேல சாயம் ஏத்திக்கினு இருக்கான், தோளு ரெண்டு சென்டிமீட்டர் எறங்கிக் கெடக்குது. யாரோ தனியா வாங்கிச் சேத்திருக்காங்க."

கரண்டி மெல்லக் கீழே இறங்கியது. மாமி பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

"ஆமாம்" என்றார். "எங்கம்மா கல்யாணத்துக்கு வாங்கின ஜோடி. அம்மா போனப்பறம் யாருக்குன்னு எனக்கும் என் தங்கை பத்மாவுக்கும் சண்டை. ஆளுக்கு ஒண்ணாப் புடுங்கிண்டோம். நெஜ ஐயா சித்தூர்ல அவகிட்ட இருக்கு, இது நான் கடையில வாங்கி வெச்சது. பதினோரு வருஷமாச்சு, பேச்சுவார்த்தை இல்லை. இத்தனை நாளா எத்தனை பேர் இந்தக் கொலுவைப் பாத்திருப்பா? ஒருத்தர் கண்டுபிடிக்கலே. ஆத்துக்காரருக்கே தெரியாது."

மாமி எழுந்தார். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மாசம் பொறந்தா மாடியைக் காலி பண்ணிடுங்கோ. ரெண்டு பேரும்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பிரம்மோற்சவ சமயம். திருப்பதியில் காலை நீட்டிப் படுக்க இடம் கிடைக்காது, இதில் வீடு எங்கே கிடைக்கும்? மாடிக்கு வந்து நான் கத்திய கத்தலில் கறுப்பு டப்பா வீரன் இரண்டு தடவை விழுந்தான். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது அக்கா, "அந்த ஐயாவ ஒரு வாட்டி பாக்கணும்" என்றாள்.

"எதுக்கு?"

"நெசமான ஜோடியான்னு தெரியணும்ல? வாய்ச்சொல்ல நம்பி எப்பிடி பாஸ் பண்றது?"

விழுந்து கிடந்த வீரனை எடுத்து அவள் மேலேயே எறியலாமா என்று யோசித்தேன். அதற்குள் படியில் செருப்புச் சத்தம். மாமா. ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். சித்தூர் விலாசம்.

"நான் குடுத்தேன்னு சொல்லாதே. பொம்மை வேறன்னு எனக்கும் முதல் வருஷமே தெரியும். சொல்லிட்டு யார் வாங்கிக் கட்டிக்கறது?"

ஞாயிற்றுக்கிழமை சித்தூர் பஸ் ஏறினோம். ஊர் தாண்டும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்த அக்கா திடீரென்று கேட்டாள். "நான் சொன்னது தப்பா?"

"உண்மைதான். ஆனா சொல்லாம இருந்திருக்கலாம்."

"தெரிஞ்சிக்கினு சும்மா இருக்கறது எனக்கு வரலம்மா" என்றாள். குரல் அவள் குரல் மாதிரியே இல்லை. சந்திரகிரிக் கோட்டை வந்து போயிற்று. அதைப் பற்றிக்கூட அவள் ஒரு குறை சொல்லவில்லை. எனக்குக் கவலையாகிவிட்டது.

கவலைப்பட்டிருக்க வேண்டாம். சித்தூரில் பத்மா மாமி வீட்டுக் கொலுவைப் பார்த்ததும் பழைய அக்கா திரும்பிவிட்டாள். வாசலில் வரவேற்ற அந்த அம்மாளுக்கு ஒரு வணக்கம்கூடச் சொல்லாமல் மேல்படியில் இருந்த மரப்பாச்சி ஜோடியை எட்டி உற்றுப் பார்த்தாள். "இந்தம்மா வேற கம்பெனி."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அக்கா போனில் திருப்பதி மரப்பாச்சியின் படத்தைக் காட்டினாள். "இவங்கதான் இவரு சம்சாரம்."

பத்மா மாமி போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "அக்கா அனுப்பிச்சாளா?"

"இல்ல மாமி. உங்க அக்கா எங்கள வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க."

"என்னையும் அப்படித்தான் வெளியில போன்னு சொன்னா" என்றார். சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. உடனே முகம் இறுகிற்று. "அவ கூப்பிடட்டும், வரேன்."

"உங்கள யாரு கூப்ட்டாங்க?" என்றாள் அக்கா. எனக்கு மயக்கம் வராத குறை. "எனக்கு இவரு போதும். ரெண்டு பேரயும் பக்கத்துல நிக்க வெச்சி அளந்துட்டு சாயங்காலம் கொண்டாந்து குடுத்துடறேன்."

"யாரு? நீயா? எங்கம்மா பொம்மையையா?" பத்மா மாமி எழுந்து நின்றார். "உங்கிட்ட ஒரு சுண்டல் கிண்ணத்தைக்கூட நம்பிக் குடுக்க மாட்டேன்!"

ஆக, தன் அக்காவோடு சமாதானமாவதற்காக அவர் திருப்பதிக்குக் கிளம்பவில்லை. பொம்மைக்குக் காவலாகக் கிளம்பினார். பட்டுத்துணியில் சுற்றிய ஐயாவை மடியில் வைத்துக்கொண்டு வழி முழுக்க எங்களை முறைத்தபடி வந்தார்.

திருப்பதியில் மாமிதான் கதவைத் திறந்தார். தங்கையைப் பார்த்தார். அவர் கையில் இருந்த பட்டுத்துணிப் பொட்டலத்தைப் பார்த்தார். மாமா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு அவசரமாகத் தலையை இழுத்துக்கொண்டார்.

"இளைச்சுப் போயிட்டியேடீ" என்றார் மாமி.

"நீ மட்டும் என்னவாம். நன்னா நடந்துண்டிருந்த காலு..." என்றார் பத்மா மாமி. இருவர் கண்ணிலும் தண்ணீர்.

"மாமி, அழறத அப்பறம் வெச்சுக்கலாம். வெளிச்சம் போவுது. அவர டேபிள் மேல வையுங்க" என்றாள் அக்கா.

வைத்தார்கள். இரண்டு மரப்பாச்சியும் தோளோடு தோள் நின்றன. அதே ரேகை ஓடிய கட்டை, அதே உளி. அக்கா அளந்தாள். குனிந்து அளந்தாள், சுற்றி வந்து அளந்தாள். நோட்டில் எழுதினாள். நாங்கள் நாலு பேரும் மூச்சு விடாமல் நின்ற அந்த அறையில், "பத்துக்கு ஒம்பது" என்றாள்.

"ஏன், ஒண்ணு எங்கே போச்சு?" இரண்டு மாமிகளும் ஒரே குரலில் கேட்டார்கள். பதினோரு வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம்.

"மூட்டு இல்ல. கை மடங்காது."

அன்று அவள் உயிரோடு மாடி ஏறியது மாமா குறுக்கே வந்து நின்றதால்தான். ஜோடி யார் வீட்டில் இருப்பது என்று சகோதரிகள் ராத்திரிச் சாப்பாட்டுக்குள் மறுபடி சண்டை போட்டு, ஒரு வருஷம் திருப்பதி, ஒரு வருஷம் சித்தூர் என்று முடிவு செய்தார்கள். காலி பண்ணும் பேச்சை மாமி அப்புறம் எடுக்கவே இல்லை. விஜயதசமியன்று மாடிக்குப் புளியோதரை வந்தது. அக்கா அதற்கு ஆறரை மார்க் போட்டாள். நான் கிழித்துப் போட்டேன், நோட்டின் அந்தப் பக்கத்தை.

அடுத்த தையில் எனக்குக் கல்யாணமாகிச் சித்தூருக்கு வந்துவிட்டேன். அக்காவுக்கு ஓசூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. விடைபெறும்போது, "இனிமே ஃபேன் போட்டுக்கினு தூங்கு" என்றாள். நானும் அப்படித்தான் தூங்கினேன், மிகவும் சந்தோஷமாக, கிட்டத்தட்ட ஒரு வாரம்.

அந்த வருஷம் கொலு சித்தூர் முறை. இரண்டு மாமிகளும் ஆளுக்கொரு பக்கம் ஓசூருக்குப் போன் போட்டு, 'நீ வராமல் படியில் ஒரு பொம்மையும் ஏறாது' என்று சொல்லிவிட்டார்கள். என் தலையெழுத்து, அவளைப் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டி வரும் வேலை எனக்கு. பதினோரு மணிக்குத்தான் பஸ் வரும் என்று அவளே இரண்டு தடவை சொல்லியிருந்தாள். நான் ஒன்பதரைக்கே போய் நின்றுகொண்டிருந்தேன். இதை மட்டும் தயவுசெய்து யாரும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.