ஹஸ்மியின் குரல் எடுபடவில்லை

"நானா... தண்ணி... எஞ்சின்..."

அதற்கு மேல் கேட்கவில்லை. கொதிக்கிற எண்ணெயில் மீனைப் போட்டதுபோல ரேடியோ இரைந்தது.

அபூதாஹிர் ரேடியோவோடு காதை ஒட்டினார். அது அவருடைய தம்பி ஹஸ்மியின் குரல். மூன்று வருடமாக அவரோடு ஒரு வார்த்தை கதைக்காத தம்பி, இன்றைக்குக் கடலில் இருந்து அண்ணனை 'நானா' என்று கூப்பிடுகிறான். பின்னேரம் மூன்று மணி. வாடைக்காற்று வேறு ஏறிக்கொண்டிருந்தது.

"ஹஸ்மி! எங்க இரிக்காய்? சொல்லு!" மைக்கின் பட்டனை அழுத்திக் கத்தினார்.

இரைச்சல்தான் பதில்.

"அஸாம், எஞ்சினைப் போடு! போவம்!"

எஞ்சின் பெட்டிக்குள்ளிருந்து மெக்கானிக் அஸாம் கிறீஸ் பூசிய முகத்தை நீட்டினான். "என்னத்தப் போடுற நானா? பாதி எஞ்சின் சாக்கில கிடக்கு. ஒரு மணித்தியாலமாவது வேணும்."

வள்ளம் மூதூர் இறங்குதுறைக்கு முந்நூறு யார் தூரம் தள்ளி நங்கூரத்தில் நின்றது. அவர்களை ஏற்றிவந்த தோணி கரைக்குத் திரும்பியிருந்தது. அபூதாஹிரின் போன் வீட்டில். அஸாமின் போனில் சார்ஜ் இல்லை. கடலோடு கதைக்க இருந்தது அந்த ஒரு ரேடியோதான்.

அபூதாஹிர் அதன் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார். இரைச்சல் இரண்டு மடங்கானது. மைக்கை எடுத்து, உப்புப் படிந்த பட்டனை இரண்டு பெருவிரலாலும் அமுக்கு அமுக்கென்று அமுக்கினார்.

"ஹஸ்மி! ஹஸ்மி! வள்ளத்தை விட்டுக் குதிச்சிராத! நான் வாறன்!"

மைக்கைக் கொளுவிவிட்டுக் காதைக் கொடுத்தார். இப்போது இரைச்சலும் நின்றுவிட்டது.

"சத்தம் நிண்டிட்டு. நல்லந்தானே நானா?"

"விசரா! இரைச்சல் கேட்டா ரேடியோ உசிரோட இரிக்கெண்டு அர்த்தம். இது மௌத்தாப் போயிட்டு!"

அன்டனா வயர்தான் காரணமென்று முடிவுகட்டினார். கழற்றிப் பார்த்தால், வயர் பூட்டுகிற இடம் முழுக்கப் பச்சை பூத்திருந்தது. மீன் வெட்டுகிற கத்தியால் சுரண்டு சுரண்டென்று சுரண்டி, பளபளக்கப் பண்ணி, இறுக்கிப் பூட்டினார். ரேடியோ மூச்சுக் காட்டவில்லை.

"மீனவர் சங்கத் தலைவர் புடிச்சுத் தந்த சாமான் வேற எப்பிடி இரிக்கும்?" என்று பல்லைக் கடித்தார். "அந்தாளுக்கு ரேடியோவுக்கும் றால் பெட்டிக்கும் வித்தியாசம் தெரியா. தலையில மயிர் மட்டுமா இல்ல, உள்ளுக்கும் ஒண்டுமில்ல!"

"பெற்றியில சார்ஜ் இறங்கியிரிக்கும் நானா."

சொன்ன வாயை அஸாம் உடனே பொத்திக்கொண்டான். அபூதாஹிர் எஞ்சினுக்கென்று கொண்டுவந்த புதுப் பெற்றியை இழுத்து எடுத்துவிட்டார்.

"ஐயோ, அது ஸ்டார்ட் பண்ணுறதுக்கு! பிறகு எஞ்சின் எப்பிடி...?"

"அவன் எங்கயெண்டு கேக்காம, தேடி எஞ்சின் எங்க போற?"

புதுப் பெற்றியைக் கொடுத்ததும் ரேடியோவின் சின்னச் சிவப்பு விளக்கு கண்ணைப் பறித்தது. "பாத்தியா, கரண்ட் அந்த மாதிரி வருது!" என்றார். ஆனால் குரல் வரவில்லை. அலை வள்ளத்தை ஒருமுறை தூக்கி அடித்தது. இந்த நேரம் தம்பியின் வள்ளம் கவிழ்ந்திருக்குமோ? ஹஸ்மிக்கு நீந்தத் தெரியும். ஆனால் எவ்வளவு நேரம் நீந்துவான்?

"உயரம் காணாது," என்றார். அன்டனாவைக் கழற்றி, ஒரு நீளக் கம்பில் கட்டி, கெபினின் கூரைமேல் ஏறினார். கொடி மரத்தோடு சேர்த்துக் கட்டி முடிக்கிற நேரம், உக்கிப்போன கூரைப் பலகை படாரென்று விட்டது.

கெபினுக்குள் நின்ற அஸாமின் முகத்துக்கு நேரே ஒரு கால் இறங்கியது. சாரன் மேலே ஆணியில் மாட்டிக்கொண்டது.

"நானா! காலை இழுங்க!"

"ஏலாது! காலை விடு, ரேடியோவில சத்தம் வருதா?"

"இல்ல நானா."

அதோடு அபூதாஹிர் உடைந்துபோனார். ஒரு கால் கூரைக்கு உள்ளேயும் மறுகால் வெளியேயுமாக, கம்பைக் கட்டிப்பிடித்தபடி அழத் தொடங்கினார்.

"அஸாம், எனக்கிட்ட ஒரு பாவமிரிக்கு. மூண்டு வருசத்துக்கு முன்ன வள்ளப் போட்டியில அவன்ட எஞ்சின் நடுவழியில நிண்டிச்சே... பிளக் வயரைத் தளத்தி விட்டது நான்தான்டா!"

கீழே அஸாமின் கையிலிருந்த குறடு விழுந்தது. "நீங்க எல்லாருக்கும் முன்னால இல்லெண்டு சத்தியம் பண்ணினீங்களே!"

"ஓம், பண்ணினனான்! சின்னவன் என்னை முந்துறதா எண்டு பொறாமை. அவன் வந்து சேரட்டும், ஊருக்கு முன்னால மன்னிப்புக் கேப்பன். அவன்ட வலையைக் கத்தரிச்சுப்போட்டு நண்டில பழி போட்டதையும் சொல்லுவன். அவன்ட ரெண்டாவது கலியாணப் பேச்சைக் குழப்பினதையும்..."

"அதுவுமா!"

தோணியொன்று வள்ளத்தில் வந்து முட்டியது. மீனவர் சங்கக் கந்தோரில் வேலைசெய்கிற ரிப்கா ஏறி வந்தாள். கூரையில் நின்ற பாதி மனிதரையும், கெபினுக்குள் தொங்கிய மீதியையும் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"மகள், ஹஸ்மிக்கு என்ன?"

அவள் நேரே போய் மைக்கை எடுத்தாள். பர்தாவில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி, உள்ளே போய் இறுகிக் கிடந்த பட்டனை நெம்பினாள். டிக்கென்று அது வெளியே வந்தது. சிவப்பு விளக்கு அணைந்தது. உடனே ரேடியோவில் பத்துப் பதினைந்து பேரின் சிரிப்புக் கணீரென்று கேட்டது.

"எடுக்குது! அன்டனா வேலை செய்யுது!" என்று அபூதாஹிர் கூரையிலிருந்து கத்தினார்.

"நல்லா வேலை செய்யுது மாமா. பட்டன் அமுங்கினபடி இறுகிப்போய், ஒரு மணித்தியாலமா உங்கட குரல் மட்டுந்தான் அங்கால வெருகல் வரைக்கும் கேட்டுக்கொண்டிரிக்கு. வேற ஒருத்தருக்கும் வாய் திறக்க ஏலாமப் போயிட்டு."

சங்கத் தலைவரின் வழுக்கைத் தலை ஒரு கணம் அபூதாஹிரின் கண்முன் வந்து போனது. அதைத் தள்ளிவிட்டு, "என்ட தம்பி... உசிரோட இரிக்கானா?" என்றார்.

"எண்ணெயில தண்ணி கலந்து எஞ்சின் நிண்டதாம். வேற வள்ளக்காரர் கட்டி இழுத்துக்கொண்டு அப்பவே கரைக்கு வந்திட்டாங்க," என்றாள் ரிப்கா. "நான் பட்டனை எடுத்துவிட ஓடி வரக்குள்ள, 'கொஞ்சம் பொறு புள்ள, எங்கட நானா இன்னும் சொல்லி முடிக்கல்ல' எண்டு என்னைக் கந்தோரில புடிச்சு வச்சது அவர்தானே!"