பியூட்டேன் சாரும் தறிக்குழியும்

பியூட்டேன் சாரைப் போலப் பயந்த மனிதர் காஞ்சிபுரத்தில் இன்னொருவர் இருந்திருக்கவே முடியாது. சாமிக்குக்கூடப் பயப்படாதவர், சாமிக்குக் காட்டும் கற்பூரத்துக்குப் பயப்படுவார். கோயிலில் தட்டு வந்தால் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார்.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டு மாடியில் நாங்கள் இருவரும் ஒரே அறையில் குடியிருந்தோம். நான் கூரியர் ஆபீஸ். அவர் டியூஷன் சென்டரில் கெமிஸ்ட்ரி. எங்கள் அறையில் அடுப்பே கிடையாது. காபிக்குத் தெருமுனைக் கடைதான். ஏன் சார் என்று கேட்டால் போச்சு, பேனாவை எடுத்துவிடுவார். லூயிஸ் அமைப்பு! எலக்ட்ரான்களைப் புள்ளிகளாக வைத்து வரையும் படம். நடுவில் கார்பன், சுற்றி நாலு ஹைட்ரஜன், இடையிடையே ரெண்டு ரெண்டு புள்ளி. அது மீத்தேன். ரெண்டு கார்பனுக்கு நடுவே நாலு புள்ளி வைத்தால் எத்திலீன், ஆறு வைத்தால் அசிட்டிலீன். என்னையும் வரையச் சொல்வார். கார்பனைச் சுற்றி எட்டுப் புள்ளி தேறாவிட்டால் அவரும் தூங்கமாட்டார், என்னையும் தூங்க விடமாட்டார்.

என் பார்சல்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. பட்டுக்கடை முதலாளி ஒருவர் கவரின் மேல் அவர் வரைந்திருந்த புரொப்பேனைப் பார்த்து, யாரோ செய்வினை வைத்துவிட்டதாக நடுங்கி, கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

கடைசியில் எப்போதும் பியூட்டேனில் வந்து நிற்பார். "நாலு கார்பன், பத்து ஹைட்ரஜன். படத்துல பாருப்பா, எல்லாம் கை கோத்துக்கினு சாதுவா நிக்குது. சிலிண்டர்ல இருக்கிறதும் இதான்" என்று சொல்லும்போது குரல் தானாக இறங்கிவிடும்.

ஒரு சாயங்காலம் இருவரும் காபி குடித்துவிட்டுத் திரும்பினோம். வாசலிலேயே கேஸ் நாற்றம். உள்ளே தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு வீட்டுக்கார அண்ணன் நெய்துகொண்டிருந்தார். கடுமையான ஜலதோஷம்; அவருக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. அப்போதுதான் கடைவீதியிலிருந்து வந்த அவர் மனைவி, எங்கேயோ எலி செத்துக் கிடக்கிறது என்று முணுமுணுத்தபடி விளக்கேற்றத் தீக்குச்சியை எடுத்தார்.

எனக்குக் கால் நகரவில்லை. ஓடிவிடுவார் என்று நான் நினைத்த மனிதர் உள்ளே போனார். கத்தவில்லை.

"யம்மா, குச்சிய உரசாதீங்க. அப்படியே எங்கிட்ட குடுங்க."

வாங்கித் தெருவில் எறிந்துவிட்டுக் குழியருகே போனார். "அண்ணே, எதையும் தொடாம மேல வாங்க. இது காத்தைவிட கனம். குழியிலதான் வந்து தேங்கும்."

எழுந்த அண்ணன் தலைசுற்றிச் சாய்ந்தார். அதைப் பார்த்தபிறகுதான் எனக்குக் கால் வந்தது. அவரை இருவருமாக இழுத்து வெளியே கொண்டுவந்தோம். சார் மறுபடி தனியாக உள்ளே போய், சிலிண்டரை மூடி, பின்கதவைத் திறந்துவிட்டு வந்தார். அவர் வெளியே வரும்வரை நான் பட்ட பயம் என் விரோதிக்கும் வேண்டாம்.

வெளிக்காற்று பட்டதும் அண்ணனுக்குக் கண் தெளிந்தது. குழியில் தேங்கும் என்று எப்படித் தெரியும் என்று அந்தம்மா கேட்டார். பதிலுக்குச் சார் என் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து, உள்ளங்கையில் பியூட்டேன் வரைய ஆரம்பித்தார். கை உதறிய உதறலில் புள்ளிகள் மணிக்கட்டு வரை ஓடின. ஒரு ஹைட்ரஜன் விட்டே போயிருந்தது.

நான் அதைச் சொல்லவில்லை. பேனாவை வாங்கி வைத்துவிட்டு, நடுக்கம் நிற்கும்வரை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.