பொறுங்கோ அண்ணையும் சூடேறாத மெஷினும்

பருத்தித்துறையில் பொறுங்கோ அண்ணையோடு கோபப்படாத மனிதர் ஒருவர் இருந்தால், அவர் வீட்டில் மின்சாரத்தில் ஓடும் சாமான் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். ஃபிரிட்ஜ், ஐஸ் மெஷின், மீன் வாடியின் குளிர் அறை என்று எது பழுதானாலும் அவரைத்தான் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் வருவார். சைக்கிளை நிறுத்தி, சாரத்தை மடித்துக் கட்டி, "பொறுங்கோ" என்பார். அதன் பிறகு நாம் பொறுக்க வேண்டியதுதான். பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் மனைவிக்காவது தெரியுமா என்பதும் சந்தேகம்.

வந்தவுடன் திருப்புளியைத் தொடமாட்டார். மெஷினின் வரலாறு முழுவதையும் கேட்பார். ஒருமுறை வாடி முதலாளி ஒருவரின் குளிர் அறை நின்றுபோய், உள்ளே பாரை மீன் பழுதாகிக்கொண்டிருந்த நேரத்தில், "உது கடைசியா எப்ப சந்தோசமா ஓடினது?" என்று கேட்டாராம். முதலாளி அடிக்கப் போய், நாலு பேர் பிடித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு பத்து நிமிடத்தில் அறை குளிர்ந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சொல்ல எனக்கு விருப்பமில்லை.

என் முறை மூன்று வருடங்களுக்கு முன் ஐப்பசி மழையோடு வந்தது. மகள் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டில் இருந்தாள். பேரன் பிறந்து ஒன்பது நாள். அவன் நனைக்கும் வேகத்துக்குக் காயவைக்க வானத்தில் வெயில் இல்லை. கதிரை முதுகு, ஃபேன் செட்டை, பள்ளிக்கூடத்தில் உப அதிபராக இருந்து ஓய்வுபெற்றபோது எனக்குத் தந்த பாராட்டுப் பத்திரத்தின் சட்டம் என்று வீடு முழுக்க ஈரத்துணி. பிள்ளை தும்மத் தொடங்கினான். ஈரத்துணி மேலில் படக்கூடாது, சளி நெஞ்சில் இறங்கினால் ஆஸ்பத்திரியில் வைக்க வேண்டிவரும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். மகள் ஒவ்வொரு துணியையும் தன் நெஞ்சோடு அணைத்துச் சூடாக்கிய பிறகே அவனுக்குக் கட்டினாள்.

இதற்காகவே ஜேர்மனியிலிருந்து என் மகன் கப்பலில் போட்ட உடுப்புக் காயவைக்கும் மெஷின், ஒருநாள் காலை கொழும்பிலிருந்து லொறியில் வந்து இறங்கியது. 'ஹீட் பம்ப்' வகையாம். உள்ளே ஃபிரிட்ஜ் மாதிரித்தான் வேலை செய்யுமாம். இறக்கியபோது நல்லநேரம் முடியக் கால் மணித்தியாலம்தான் இருந்தது. மனைவி பஞ்சாங்கத்தோடு பக்கத்தில் நிற்க, அவசர அவசரமாக சுவிட்சைப் போட்டேன். மெஷின் சுற்றியது. ஒரு மணித்தியாலம் கழித்துத் திறந்தால் துணி போட்டபடியே ஈரமாக, குளிர்ந்துபோய்க் கிடந்தது. மூன்று தரம் போட்டும் அதே கதை.

"துணிக்கு ராட்டினம் காட்டவோ உது இவ்வளவு தூரம் வந்தது?" என்றாள் மனைவி.

பின்னேரம் பொறுங்கோ அண்ணை குடையோடு வந்தார். வந்தவர் வெளிவாசல் படலையைத் தாண்டவில்லை.

"உள்ளுக்கு வாங்கோ அண்ணை."

"பொறுங்கோ மாஸ்டர். நான் சஷ்டி விரதம். இது துடக்கு வீடெல்லோ."

பிள்ளை பிறந்த வீட்டில் முப்பத்தொரு நாளும் துடக்கு. விரதகாரர் வாசல் மிதிக்கமாட்டார்கள். எனக்கும் தெரிந்த விஷயம்தான்.

"அப்ப என்னெண்டு பாக்கிறது?"

"நீங்கள் பாருங்கோ. நான் கேக்கிறன்."

படலைக்கும் மெஷினுக்கும் இடையில் நாற்பது அடி முற்றம், முழுக்கச் சேறு.

"பஞ்சு பிடிக்கிற வலை அடைச்சுக் கிடக்கோ?" என்றார். ஓடிப்போய்ப் பார்த்துவந்து, இல்லை என்றேன். "கீழ்க் கதவைத் திறந்து தகட்டிலை தூசி இருக்கோ பாருங்கோ" என்றார். மறுபடி ஓடினேன்.

"பளபளக்குது அண்ணை. புது மெஷினெல்லோ."

"புதுசெண்டு முதலே சொல்லியிருக்கலாமே."

பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"சத்தம் எப்பிடி?"

"உறுமுது."

"எப்பிடி உறுமுது? செய்து காட்டுங்கோ."

முப்பது வருடமாகப் பிள்ளைகளைச் சத்தம் போடாதே என்று அதட்டிய நான், படலையடியில் நின்று "உர்ர்ர்" என்றேன். எதிர்வீட்டு மதிலுக்கு மேலால் இரண்டு தலைகள் எழும்பின. இரண்டும் என்னிடம் படித்த தலைகள்.

அண்ணை கண்ணை மூடிக் கேட்டார். "உது உருளையைச் சுத்துற மோட்டர். அதுக்குக் கீழை ஃபிரிட்ஜ் மாதிரி இன்னொரு சத்தம், 'ம்ம்ம்' எண்டு வரவேணும். வருகுதோ?"

"வரேல்லை."

"அப்ப கொம்பிறசர் எழும்பேல்லை. அதுதான் சூடில்லை."

எனக்குப் பொறுமை போய்விட்டது. "நான் அதைத் தள்ளுவண்டியிலை படுக்க வைச்சு உங்கடை காலடிக்கே கொண்டு வாறன்."

அவர் முகம் மாறியது. "படுக்க வைச்சோ? லொறியிலை எப்பிடி வந்தது?"

"மெத்தை போட்டு வளர்த்தித்தான் வந்தது. ஒரு கீறல் விழேல்லை. ட்ரைவருக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னது நான்தான்."

"இறக்கி எவ்வளவு நேரத்தாலை போட்டனீங்கள்?"

"நல்லநேரம் முடிய முன்னம்."

குடையைத் தாழ்த்தி என்னை ஒரு பார்வை பார்த்தார். படுக்க வைத்தால் கொம்பிறசரின் எண்ணெய் காஸ் குழாய்க்குள் ஓடிவிடுமாம். நிமிர்த்தி நிற்கவிட்டால்தான் அது திரும்பி இறங்குமாம். "நாளைக்கு இந்த நேரம் வரைக்கும் ஆரும் தொடாதேங்கோ. பொறுங்கோ."

"பிள்ளை பொறுக்குமோ அண்ணை?" என்று கத்தியேவிட்டேன். "வீட்டிலை காய்ஞ்ச துணி ரெண்டுதான் கிடக்கு."

அவர் குடையை நிமிர்த்தினார். பிறகு, "ஈரத்துணி எல்லாத்தையும் ஒரு பையிலை போட்டுத் தாங்கோ" என்றார்.

"துடக்குத் துணியெல்லோ அண்ணை?"

"கடலிலை முழுகினாச் சரி."

பையைச் சைக்கிள் ஹாண்டிலில் கொழுவிக்கொண்டு போனவர், பொழுதுபடமுன் திரும்பி வந்து அதைப் படலையில் மாட்டினார். அவருடைய பட்டறையில் ஓடும் ஐஸ் மெஷினின் பின்பக்கச் சூட்டில் காய்ந்த இருபத்திரண்டு துணிகள் உள்ளே இருந்தன. ஒவ்வொன்றும் நாலாக மடித்திருந்தது. அந்தக் கொட்டும் மழையில், தோளில் துவாயோடு சைக்கிளைக் கடற்கரைப் பக்கம் மிதித்தார்.

மறுநாள் பின்னேரம் அண்ணை படலையடியில் வந்து நின்ற பிறகு மெஷினைப் போட்டேன். இரண்டாவது சத்தம் வந்தது. படலைக்கு ஓடி, அவர் கேட்க முன்னமே "ம்ம்ம்" என்று செய்து காட்டினேன். மனைவிக்குத் திருப்தியில்லை. தொட்டுப் பார்த்துவிட்டு, "இளஞ்சூடுதானே இருக்கு" என்று உள்ளே நின்றே குரல் கொடுத்தாள்.

"உது தோசைக்கல்லில்லை தங்கச்சி. மெல்லத்தான் காயும். பொறுங்கோ."

இரண்டரை மணித்தியாலம் பொறுத்தோம். துணி காய்ந்தது. நாலாம் நாள் பிள்ளையின் தும்மலும் நின்றது.

முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்கு உறவுக்காரர் வரமுன் அவர் வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. மெஷினைத் திரும்பியும் பார்க்காமல் நேரே போய்க் கதிரையில் அமர்ந்து, பிள்ளையைக் கேட்டு வாங்கி மடியில் கிடத்தினார். ஐந்து நிமிடம் ஆகவில்லை, பேரன் அந்த வெள்ளை வேட்டியை நனைக்கத் தொடங்கினான். மகளும் மனைவியும் நானும் பதறிக்கொண்டு கையை நீட்டினோம்.

"பொறுங்கோ," என்றார், பிள்ளை திடுக்கிடாத மெல்லிய குரலில். "அவன் முடிக்கட்டும்."

மெஷினிலிருந்து எடுத்த இளஞ்சூடான துணியோடு நான் அவர் பக்கத்தில் நின்றேன். அன்றைக்கு வீடு நிறைய ஆட்கள் வந்துபோனார்கள். எனக்குச் சொந்தம் என்று தோன்றியவர் அவர்தான்.