பேச்சு பெஞ்சில் பதினோரு நிமிஷம்

"எங்க வீட்டுல ஆம்பளைக் குரல் கேக்கணும்னா டிவியைப் போட்டாத்தான் உண்டு, எர்ணா."

ரொட்டிக் கடையில், கறுப்பு ரொட்டி அடுக்கியிருந்த அலமாரிக்குப் பின்னால் நின்ற கிலியான் காதில் இது விழுந்தது. சொன்னது அவர் மனைவி வால்புர்கா. சிரித்தது கடைக்கார எர்ணா. கிலியான் தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, ரொட்டி வாங்காமலே நழுவினார்.

பொய்யென்று சொல்வதற்கில்லை. முப்பத்தெட்டு வருஷம் ஜெர்மனியின் மைன் ஆற்றில், படகுகளை ஏற்றி இறக்கும் மதகில் உத்தியோகம். சரக்குப் படகு வந்தால் மைக்கில் "வரலாம்" என்பார். உள்ளே இடமில்லையென்றால் "நில்லு" என்பார். இந்த இரண்டு வார்த்தையிலேயே வேலை முடிந்து பென்ஷனும் வந்துவிட்டது. வீட்டுக்கு அவ்வளவுகூடத் தேவைப்படவில்லை. "ம்" போதுமானதாக இருந்தது. பிள்ளைகள் மியூனிக்குக்கும் ஹாம்பர்க்குக்கும் போனபிறகு அந்த "ம்"மும் தேய்ந்துகொண்டு வந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்கு மாநில டிவியில் ஊர்ச் செய்தி. முதல்வர் ஒன்றைத் திறந்து வைப்பார். எதிர்க்கட்சிக்காரர் அதை மூடச் சொல்வார். கடைசியில் ஏதாவது ஓர் ஊரின் பேண்டு வாசிக்கும். வால்புர்கா பின்னல் ஊசியும் கையுமாக எல்லாரோடும் பேசுவாள். முதல்வரிடம், "போன வருஷமும் இதையேதானய்யா சொன்னே." நிதி மந்திரியிடம், "அந்த டையை யாரு வாங்கிக் குடுத்தா உனக்கு?" டிரம்போன் ஊதுகிறவரிடம்கூட, "மெதுவாப்பா, மூச்சு முட்டிரும்." பக்கத்து நாற்காலியிடம் மட்டும் அவளுக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை.

ரொட்டிக் கடையிலிருந்து திரும்பும் வழியில் கிலியான் சபதம் எடுத்தார். டிவியில் வருகிற ஆம்பளைக் குரல்தானே வேண்டும்? வந்து காட்டுகிறேன்.

வாய்ப்பு வீட்டு வாசலுக்கே வந்தது. தனிமையை ஒழிக்க மாநில அரசு ஊர் ஊராகப் பேச்சு பெஞ்சு போட்டுக்கொண்டிருந்தது. அதில் ஒருவர் உட்கார்ந்தால் பேச ஆசைப்படுகிறார் என்று அர்த்தம். யார் வேண்டுமானாலும் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கலாம். இந்த ஊர் பெஞ்சு கிலியான் வீட்டுக்கு நேர் எதிரே, லிண்டன் மரத்தடியில் வந்து இறங்கியிருந்தது. வியாழக்கிழமை திறப்பு விழா.

"எங்க கிளம்பிட்டே?" என்றாள் வால்புர்கா.

"கொட்டகைக்கு."

"மந்திரி வர்ற நாள்ல கொட்டகையில என்ன?"

"ம்."

"பேண்டு வருது. திராட்சைத் திருவிழாவுல தேர்ந்தெடுத்த ஒயின் ராணி கிரீடம் வெச்சுக்கிட்டு வரா. டிவிக்காரங்க வராங்க. மாதர் சங்கத்துல நாங்க கேக் வைக்கிறோம்."

"ம்."

"ருபார்ப் கேக்."

"சரி."

"அடேயப்பா, இன்னிக்கு ரெண்டெழுத்து."

தோட்டக் கொட்டகையில் புல் வெட்டும் இயந்திரத்தை எதிரே நிறுத்திக்கொண்டு கிலியான் மூன்று வாக்கியம் ஒத்திகை பார்த்தார். "அரசின் இந்த முயற்சி வரவேற்கத்தக்கது. மரம் தரமான மரம். கிராமத்துக்குப் பேருந்தும் வந்தால் இன்னும் நல்லது." இயந்திரம் மறுபேச்சுப் பேசவில்லை. வெளியே மந்திரியின் பேச்சும் கைதட்டலும் கலங்கலாகக் கேட்டன. அவர் காது கொடுக்கவில்லை.

தலை வாரிக்கொண்டு தெருவைக் கடந்தபோது விழா முடிந்திருந்தது. மந்திரியும் ஒயின் ராணியும் பெஞ்சில் அரை நிமிஷம் உட்கார்ந்து படம் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கூட்டம் கேக் மேசைக்கு மாறியிருந்தது. டிவிக்காரப் பெண் மைக்கோடு ஆள் தேடிக்கொண்டிருந்தாள்.

"ஐயா, கொஞ்சம் உட்கார முடியுமா? பெஞ்சு காலியா இருந்தா நல்லாருக்காது."

உட்கார்ந்தார். மைக் வந்தது. மூன்று வாக்கியத்தையும் பிசகில்லாமல் சொன்னார். அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அந்தப் பெண், "ரொம்ப நல்லது. வீட்டுல பேச ஆள் இருக்காங்களா?" என்று சும்மா கேட்டு வைத்தாள்.

மதகு திறந்துகொண்டது.

மனைவி இருக்கிறாள் என்றார். டிவி பார்த்து அவள் சிரிக்கும்போது, தான் கழிவறைக்குப் போகிற மாதிரி எழுந்து நடையில் நின்று அந்தச் சிரிப்பைக் கேட்பதாகச் சொன்னார். சொல்ல வேண்டியதைக் காலையிலேயே யோசித்து வைப்பதாகவும், மத்தியானத்துக்குள் அது ஆறிப்போய்விடுவதாகவும் சொன்னார். ஆறின சூப்பை மனுஷி முன்னால் எப்படி வைப்பது என்றார். டிவிக்காரப் பெண் மைக்கை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினாள். பதினோரு நிமிஷம்.

"இன்னிக்கு ஆறு மணிக்குப் பாருங்க ஐயா," என்றாள்.

ஆறு மணிக்குக் கிலியான் நாற்காலி நுனியில் இருந்தார். வால்புர்கா காலுறை பின்னிக்கொண்டிருந்தாள்.

திரையில் முதலில் மந்திரி வந்தார். ஒரு கடிதத்தைப் பிரித்தார். "இந்த ஊருக்குப் பெஞ்சு கேட்டு மாதர் சங்கத் தலைவி வால்புர்கா அம்மையார் ஒன்றரை வருஷம் முன்னால் எங்களுக்கு எழுதினார். 'எங்கள் தெருவில் பேசாத ஒருவர் இருக்கிறார். அவரை உட்கார வைக்க ஓர் இடம் வேண்டும்.'" கைதட்டல்.

கிலியான் திரும்பிப் பார்த்தார். ஊசி நிற்கவில்லை.

அடுத்தது கிலியான். பெரிய முகம், வாரிய தலை, அசைகிற வாய். ஆனால் கேட்டது செய்தி வாசிப்பவரின் குரல். "பெஞ்சு தயார். பக்கத்தில் உட்காரத்தான் இன்னும் ஆள் வரவில்லை." ஐந்து விநாடி. பிறகு வானிலை.

"வாய் நல்லா அசையுது," என்றாள் வால்புர்கா.

"கடுதாசி நீயா போட்டே?"

"ஆமா."

"எங்கிட்ட சொல்லவே இல்ல."

"சொன்னேன். நீ 'ம்'னே."

கிலியான் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அன்னிக்கு ரொட்டிக் கடையில எர்ணாகிட்ட நீ சொன்னது..."

"அந்த அலமாரிக்கு மேல ஒரு தொப்பி தெரிஞ்சுது. தொப்பிக்குத்தான் சொன்னேன்."

வானிலைக்காரர் மழைக்கு வாய்ப்பில்லை என்றார். வால்புர்கா நூலை மடித்து வைத்தாள்.

"பதினோரு நிமிஷமாமே. கேமராக்காரர் மூணு துண்டு கேக் சாப்பிட்டுட்டுச் சொன்னார். நீ என்ன பேசினேன்னு கேட்டா, 'அதை அவரே சொல்வார்'னுட்டார். சொல்லு."

கிலியான் வாயைத் திறந்தார். கம்பளத்தைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"மரம் தரமான மரம்," என்றார்.

"அதையா பதினோரு நிமிஷம்?"

"ம்."

அவள் எழுந்தாள். கோட்டை மாட்டிக்கொண்டாள். சோபாவிலிருந்து இரண்டு மெத்தையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"எங்க போற?"

"இங்க உனக்குப் பேச்சு வராது. தெரிஞ்சுதானே பெஞ்சை அங்க போடச் சொன்னேன்."

கதவு சாத்திக்கொண்டது. ஜன்னல் வழியாகக் கிலியான் பார்த்தார். வெயில் இன்னும் இருந்தது. வால்புர்கா பெஞ்சின் ஒரு முனையில் ஒரு மெத்தையைப் போட்டு உட்கார்ந்தாள். மறு முனையில் இன்னொன்றைப் போட்டாள். பிறகு வீட்டைப் பார்க்காமல், ஆற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எர்ணா சைக்கிளில் வந்து, அந்தக் காலி மெத்தையைப் பார்த்து வேகத்தைக் குறைத்தாள்.

கிலியான் ரிமோட்டைத் தேடியெடுத்து, வானிலைக்காரரைப் பாதி வாக்கியத்தில் அணைத்துவிட்டு, தொப்பிகூடப் போடாமல் தெருவைக் கடந்து ஓடினார்.