வரப்பில் உட்கார்ந்த விருந்தாளிகள்

இன்றைக்கு எனக்குக் கொடுத்த வேலை ரொம்பச் சின்னது. எங்கள் பண்ணை விடுதிக்கு வந்திருக்கிற விருந்தாளிகளை வயலுக்குக் கூட்டிப் போக வேண்டும். அவர்கள் நாற்று நடுவார்கள். நட்டு முடித்ததும் சாப்பாட்டுக்குக் கூட்டி வர வேண்டும்.

வேலையைக் கொடுத்தது முதலாளியம்மா. அதாவது என் மகள் செல்வி.

"அப்பா, பேசாமக் கூட்டிட்டுப் போங்க. பேசாமக் கூட்டிட்டு வாங்க. அம்புட்டுத்தான்."

"பேசாமப் போனா என்னை ஊமைன்னு நெனப்பாங்க தாயி."

"நெனச்சாப் பரவாயில்லப்பா!"

வாழ்நாளெல்லாம் விவசாயக் கூலிகள் சங்க மேடையில் மைக் பிடித்தவனுக்குக் கிடைத்த மரியாதை!

விடுதி ஒத்தக்கடை தாண்டி உள்ளே தள்ளி இருக்கிறது. கூலிக்காரச் சனம் நாங்கள்; அந்த நிலத்தைப் போராடித்தான் வாங்கினோம். மண் குடிசையை விட்டு வெளியே வரவும் போராடினோம். என் மகள் சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து, அதே நிலத்தில் மண் சுவர் வைத்து அறை கட்டி, அதில் படுக்கச் சென்னையிலிருந்தே ஆள் பிடிக்கிறாள். வேறு வழியில்லாமல் நாங்கள் குடித்த கம்மங்கூழை மண் குவளையில் ஊற்றி, வரவேற்பு பானம் என்கிறாள். அவர்களும் குடித்துவிட்டு "வாவ்!" என்கிறார்கள். எங்கள் தெருவில் அந்தக் கூழைப் பார்த்து வாவ் சொன்ன ஆளை நான் கண்டதில்லை.

நடவு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். நடவு ஆட்கள் எல்லாம் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். நாற்று முற்றிக்கொண்டிருந்தது. செல்வி போனில் 'நடவு அனுபவம்' என்று ஒரு படம் போட்டாள். ஒரு கம்பெனி ஆட்கள் கும்பலாக வந்து இறங்கிவிட்டார்கள். கூலி கேட்காதது மட்டுமில்லை, காசு கொடுத்துவிட்டு வேலை செய்கிற ஆட்கள்! எந்தப் பண்ணையாருக்கும் தோன்றாத யோசனை என் மகளுக்குத் தோன்றியிருக்கிறது.

ஆனால் காரியம் விளையாட்டில்லை. 'எங்க வயல் அரிசி, எங்க வீட்டுச் சமையல்' என்று சொல்லித்தான் விடுதிக்கு ஆள் வருகிறது. விடியற்காலையில் குடும்பமே இறங்கி நாற்றைப் பறித்து, சின்னச் சின்னக் கட்டாக முடி கட்டி வைத்திருந்தோம். வேறு நாற்று கிடையாது. இன்று நடாவிட்டால் அடுத்த வருஷம் கடை அரிசிதான்.

பேசாமல்தான் கூட்டிப் போனேன். சத்தியமாக.

கம்பெனிப் பிள்ளைகள் சேற்றில் இறங்கினார்கள். ஒருத்தர் மட்டும் வரப்பிலேயே நின்று, "கமான் டீம்! லைன் நேரா வரணும்!" என்று கத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த நிவேதா என்ற பெண்ணிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அது யாரும்மா?"

"எங்க மேனேஜர், அங்கிள்."

"அவர் எறங்கலையா?"

"புது ஷூ, அங்கிள்."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமைல்ல? லீவுதானே?"

"லீவுதான். ஆனா வரலைன்னா மனசுல வச்சுப்பார்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் ஆரம்பித்தேன்.

"பிள்ளைகளா, ஒரு காலத்துல இந்தப் பக்கத்து நடவுப் பொம்பளைங்க கூலி ஒசத்திக் கேட்டாங்க. பண்ணையார் மசியல. பறிச்ச நாத்த வரப்புல போட்டுட்டு வரிசையா உக்காந்துட்டாங்க! வெயில் ஏற ஏற நாத்து வாடும். நாத்து வாட வாட பண்ணையார் எளகுவார். 'மொதல்ல வேலையப் பாருங்க, அப்புறம் பேசிக்கலாம்'பார். நம்பவே கூடாது! அந்த அப்புறம் வரவே வராது!"

கைதட்டினார்கள். கைதட்டல் கேட்டு எத்தனையோ காலமாயிற்று. அதனால் இன்னும் கொஞ்சம் பேசினேன். கண்ணை மூடிக்கொண்டு பேசுவது என் பழக்கம்.

கண்ணைத் திறந்தால் எல்லாரும் வரப்பில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நாற்று முடிகள் பக்கத்தில், வெயிலில்.

"என்னம்மா, களைப்பா?"

"இல்ல அங்கிள், ஸ்ட்ரைக்!"

"ரொம்ப நல்லது!" என்றேன்.

அப்புறம்தான் அது யார் நாற்று என்று ஞாபகம் வந்தது.

கோரிக்கைகள் தயாராக இருந்தன. மேனேஜர் சேற்றில் இறங்க வேண்டும். சாப்பாடு வரப்புக்கே வர வேண்டும். பேச்சு பேசிய அங்கிளும் இறங்கி நட வேண்டும்.

மேனேஜர், "நான் கஸ்டமர். எதுவா இருந்தாலும் விடுதிக்காரங்ககிட்ட பேசுங்க" என்று சொல்லிவிட்டுச் செல்விக்குப் போன் போட்டார். அவள் ஓடி வந்தாள்.

"அப்பா! என்ன பண்ணுனீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே. வரலாறு சொன்னேன்."

"நாத்து வாடுதுப்பா! கெளப்பி விட்டது நீங்கதானே? நீங்களே போய் நம்ம சார்பா பேசுங்க."

நம்ம சார்பா! அதாவது நிர்வாகத் தரப்பு. இப்படி ஒரு பதவி உயர்வு எந்தப் போராளிக்காவது கிடைத்திருக்கிறதா?

துண்டைத் தோளில் போட்டேன். இடுப்பில் கை வைத்தேன். "இங்க பாருங்க பிள்ளைகளா, மொதல்ல வேலையப் பாருங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

சொன்ன வாய்க்கே தூக்கிவாரிப் போட்டது. அச்சு அசல் பண்ணையார் குரல்!

நிவேதா சிரித்தாள். "அந்த அப்புறம் வரவே வராதுன்னு நீங்கதானே அங்கிள் சொன்னீங்க?"

அந்த நேரம் பார்த்து மோர்த் தூக்குடன் என் வீட்டுக்காரி பாண்டியம்மாள் வந்தாள். விடுதிக்குச் சமையல் அவள்தான்.

"நீயாவது எடுத்துச் சொல்லு" என்றேன்.

அவள் மேனேஜர் ஷூவைப் பார்த்தாள். இடுப்பில் இருந்த என் கையைப் பார்த்தாள். தூக்கை இறக்கி வைத்துவிட்டு, நேராகப் போய் பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்தாள்.

"அடியே, இது நம்ம நாத்துடி!"

"அதான் சொல்றேன். வாடுறதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் எறங்கி நாத்த நடுங்க. அன்னைக்கு நாங்க வெயில்ல உக்காந்தப்பவும் நீங்க மரத்தடியில நின்னு பேசிக்கிட்டுத்தானே இருந்தீக?"

பேச்சுவார்த்தை முடிந்தது. எல்லாக் கோரிக்கையும் ஏற்கப்பட்டது. என் தலைமையில் நடந்த எந்தப் போராட்டமும் இவ்வளவு முழுசாக ஜெயித்ததில்லை. இந்தத் தடவை நான் எதிர்த் தரப்பில் இருந்ததுதான் காரணம் போலிருக்கிறது.

மேனேஜர் ஷூவைக் கழற்றினார். ஒரு எட்டு வைத்தார். அப்படியே சேற்றில் உட்கார்ந்தார். பிள்ளைகள் போட்ட கூச்சலில் கொக்கெல்லாம் பறந்துவிட்டன.

நானும் இறங்கினேன். நடவுக்காரர்களுக்காக ஊர் ஊராகப் பேசியிருக்கிறேனே தவிர, நட்டதில்லை. முன்னால் நடந்து நட்டு, நட்டதையெல்லாம் நானே மிதித்துக்கொண்டு போனேன்.

"பின்னால போங்க! பின்னால!" என்று பாண்டியம்மாள் கத்தினாள். "ஊர்வலமா போறீக, முன்னால போறதுக்கு?"

வரிசை பாம்பு மாதிரி வளைந்திருந்தாலும் நாற்று தப்பித்தது. அயிரை மீன் குழம்பும் சோறும் வரப்புக்கே வந்தன. மேனேஜர் சேற்றுக் காலோடு மூன்றாவது தடவை சோறு கேட்டார்.

சாயங்காலம், நிமிர முடியாமல் படுத்திருந்தேன். செல்வி போனும் கையுமாகச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"'சாப்பாடு பிரமாதம், ஸ்ட்ரைக் அதைவிடப் பிரமாதம்'னு எழுதிருக்காங்கப்பா! இன்னொரு கம்பெனியும் ஸ்ட்ரைக் உண்டான்னு கேக்குது. இனிமே ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் 'போராட்ட அனுபவம்' வச்சிரலாம். நீங்கதான் நடத்துறீங்க."

எத்தனை பேர் ரத்தம் சிந்திய விஷயம்! கூழோடும் குழம்போடும் சேர்த்துப் பரிமாறப் போகிறாள்.

"நடத்துறது இருக்கட்டும். அப்ப எனக்கு லீவு என்னைக்கு?" என்று கேட்டேன்.

"மொதல்ல வேலையப் பாருங்கப்பா. அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."