மூன்றாவது இலையில் ஒரு பொட்டு

சென்னையில் சுத்தவெட்டுக்காரர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் கண்டிப்பாகப் பார்த்திருப்பீர்கள். கல்யாணப் பத்திரிகை கைக்கு வந்தால் ஊரெல்லாம் பெண் யார், பிள்ளை யார், என்றைக்கு, சாப்பாடு எந்த மண்டபத்தில் என்று பார்க்கும். ஒருத்தர் மட்டும் அட்டையை மூக்குக்கு நேரே தூக்கி, ஓரத்தை நகத்தால் வருடி, "ப்ச்" என்பார். அவர்தான். எழுத்துத் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். எழுத்து அவர் கண்ணிலேயே படாது, அவ்வளவுதான். வெட்டு முழுசாக விழுந்திருக்கிறதா, ஓரத்தில் பிசிறு நிற்கிறதா, இது இரண்டும் தெரிந்தால் போதும் அவருக்கு.

இந்த இனத்தின் மூத்த உறுப்பினர் மந்தைவெளியில் இரண்டாவது மாடியில் இருக்கிறார். பெயர் ஃபிரெட்ரிக். வயது அறுபத்தொன்று. மகள் ஜொவிட்டா காலேஜில் படிக்கும்போது ஆசையாக வாங்கி, நாலே நாலு பிறந்தநாள் வாழ்த்து செய்துவிட்டுப் பரணில் போட்ட ஒரு மெஷினை, ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரம் இறக்கினார். இறக்கியவர் இன்றுவரை ஏற்றவில்லை.

மெஷின் என்றதும் மிரளாதீர்கள். கரும்பு ஜூஸ் வண்டியில் இரண்டு உருளை இருக்குமே, அதன் குட்டி. கையால் சுற்ற வேண்டும். கூடவே டை என்று ஒரு சாமான். தலைக்கு அடிப்பது இல்லை, கழுத்தில் கட்டுவதும் இல்லை. பூவும் இலையும் கொடியுமாக லேஸ் போலப் பின்னிய மெல்லிய எஃகுத் தகடு, ஒரு பக்கம் கூர். அடியில் ஒரு பிளாஸ்டிக் பலகை, அதன்மேல் அட்டை, அட்டைமேல் டையைக் குப்புறப் படுக்கவைத்து, இன்னொரு பலகையால் மூடி, உருளைக்குள் கொடுத்துச் சுற்றினால் அந்தப் பக்கம் அட்டை லேஸாக வரும். வர வேண்டும். ஆனால் கொடியில் நூற்றுப் பத்து ஓட்டை என்றால் நூற்றொன்பதுதான் விழும். ஒரே ஒரு பொட்டு, கடுகில் பாதி இருக்கும், காலி பண்ணமாட்டேன் என்று அடம்பிடிக்கும் வாடகைக்காரர் மாதிரி உள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

நீங்களும் நானும் போனால் போகிறது என்போம். ஃபிரெட்ரிக் போக விடுவாரா? அட்டைக்கும் டைக்கும் நடுவில் மெழுகுத்தாள் வைத்துப் பார்த்தார்; பலகைக்கு அடியில் ஒரு தாள், இரண்டு தாள், அப்புறம் போன வருஷக் காலண்டரிலிருந்து பிப்ரவரி மாதம் முழுவதையும் கிழித்து முட்டுக் கொடுத்தார்; நேராக விட்டது போதாதென்று கோணலாக விட்டு, முன்னால் ஒரு சுற்று பின்னால் ஒரு சுற்று சுற்றி, பலகை வளைந்துவிட்டது என்று திருப்பிப் போட்டு, திருப்பியதில் இந்தப் பக்கம் வளைந்துவிட்டது என்று மறுபடியும் திருப்பி, ஒவ்வொரு திருப்பத்துக்கும் "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இந்த இனத்தின் தாரக மந்திரம் அதுதான். இட்லி ஆறும், காபி ஆறும், மனைவியின் மனசு மட்டும் ஆறாது.

கடைசியில் ஒருநாள் குற்றவாளியைப் பிடித்தார். யார்? மந்தைவெளிக் காற்று. கடலுக்குப் பக்கத்து ஊரில் அட்டை ஈரம் குடித்துவிடுகிறது. ஈரம் குடித்த அட்டை வெட்டுப்படாமல் நசுங்குகிறது. அவர் சொன்னது தப்பே இல்லை, நூற்றுக்கு நூறு சரி. அன்று முதல் வீட்டின் ஒரே ஏசி அறையில் அட்டைகள் அடுக்கடுக்காகக் குளிரில் படுத்தன. ஃபிரெட்ரிக்கும் மனைவி ஃப்ளோராவும் ஹாலில் ஃபேனுக்குக் கீழே பாய் விரித்துக்கொண்டார்கள்.

இந்த லட்சணத்தில்தான் ஜொவிட்டாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை மேத்யூ, திருவான்மியூர். அவருடைய அப்பா பவுல்சாமி, ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். நூற்று இருபது பத்திரிகைக்கும் மேலட்டையைத் தன் கையாலேயே வெட்டித் தருவதாக ஃபிரெட்ரிக் நிச்சயதார்த்தத்திலேயே எழுந்து நின்று அறிவித்துவிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். ஃப்ளோரா மட்டும் தட்டவில்லை.

உள்தாள் அச்சாகி வந்து, ஞாயிற்றுக்கிழமை பூசையில் முதல் ஓலையும் வாசித்தாகிவிட்டது. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் மூன்று வாரம் அறிவிப்பாரே, அந்த ஓலை. அதற்குள் ஃபிரெட்ரிக் எத்தனை மேலட்டை முடித்திருந்தார் என்கிறீர்கள்? பத்தொன்பது. வெட்டியது இருநூறுக்கு மேல். மற்றதெல்லாம் கழிவு. ஒன்றில் மூன்றாவது இலையில் பொட்டு விழவில்லை, இன்னொன்றில் பூவின் நடுவில் விழவில்லை. கழித்ததை ஒரு சூட்கேஸில் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். பெண் வீட்டுப் பத்திரிகை வராமல் தங்கள் பத்திரிகையைக் கொடுக்க ஆரம்பிப்பது மரியாதை இல்லை என்று பவுல்சாமி அங்கே காத்திருந்தார். வாரம் இரண்டு தரம் போன் செய்தும் கேட்டார்.

ஃப்ளோரா பார்த்தார். கணவரிடம் பேசிப் பிரயோஜனமில்லை என்று தெரிந்துகொண்டு பல நாளாயிற்று. ஃபிரெட்ரிக் அட்டை வாங்கப் பாரிமுனைக்குப் போன ஒரு மத்தியானம், தாயும் மகளும் அந்தச் சூட்கேஸைத் திறந்தார்கள். நல்லதாக நூற்றியொன்றை எடுத்து உள்தாளை ஒட்டி, சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டார்கள். அடுத்த நாலு நாள், தி.நகரில் புடவைக்கு மேட்சிங் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, வீடு வீடாகப் போய்க் கொடுத்தார்கள். முதல் பத்திரிகை பவுல்சாமிக்கு. வாங்கியவர் எல்லோரும் கையால் செய்ததா என்று வாயைப் பிளந்தார்கள். ஒருத்தர்கூட இலையை எண்ணவில்லை.

ஃபிரெட்ரிக்குக்கு வீடு இவ்வளவு அமைதியாக இருப்பதில் ஒரே சந்தோஷம். ஐந்தாம் நாள் காலையில் இருபதாவது மேலட்டை சுத்தமாக விழுந்தது. யாரிடமாவது காட்டாமல் இருக்க முடியுமா? ஃப்ளோரா பிளவுஸ் வாங்க டைலர் கடைக்குப் போயிருந்தார், ஜொவிட்டா ஆபீசில். கீழ்வீட்டுக் கோமளம் மாமியிடம் துள்ளிக்கொண்டு இறங்கினார். மாமி சிரித்துக்கொண்டே ஃப்ளோரா அன்றைக்கே வந்து கொடுத்துவிட்டாளே என்று பூஜை அலமாரியைக் காட்டினார். பெருமாள் படத்துக்குப் பக்கத்தில், குங்குமச் சிமிழில் சாய்ந்துகொண்டு, அவர் கழித்துப்போட்ட அட்டை நின்றது. மூன்றாவது இலையில் பொட்டு அப்படியே இருந்தது.

ஃபிரெட்ரிக்குக்கு வியர்த்தது. அதைத் திருப்பித் தரும்படி கேட்டார்.

"பெருமாள்கிட்ட வெச்சிருக்கேன். கல்யாணப் பத்திரிகையைத் திருப்பிக் கேக்கறதுண்டா என்ன?" என்றார் மாமி.

"சின்னத் தப்பு ஒண்ணு நடந்துபோச்சு மாமி. இதை வெளியில விட்டு வைக்க முடியாது."

"கல்யாணம் நடக்கறதோன்னோ?"

அந்தக் கேள்வி அவர் காதில் ஏறவே இல்லை. அலமாரியிலிருந்து அட்டையைத் தானே எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து வேறு எங்கேயாவது பொட்டு நிற்கிறதா என்று தேடிக்கொண்டே, "எல்லாத்தையும் வாங்கணும்" என்று முனகிக்கொண்டு மாடியேறினார். ஃப்ளோராவின் டைரியில் நூற்றியொரு பெயரும் டிக் அடித்து இருந்தன. டைரியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தெருமுனை ஆட்டோக்காரர் அய்யாதுரையைக் கூப்பிட்டார்.

நல்ல அட்டை இருபதில் ஒன்றையாவது கையோடு கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாமே என்கிறீர்களா? இந்த இனத்தை உங்களுக்குத் தெரியவில்லை. ஏசியிலிருந்து எடுத்து ஆட்டோவில், அடையாற்றுப் பாலத்து ஈரக்காற்றில், அந்த இருபதையுமா? செத்தாலும் மாட்டார். முதலில் கெட்டதைத் திரும்ப வாங்குவோம், நல்லது வெட்டி அப்புறம் கொடுப்போம் என்று போனார். போன இடத்திலெல்லாம் அதே இரண்டு வாக்கியம்தான் சொன்னார். சின்னத் தப்பு நடந்துபோச்சு. இதை வெளியில விட்டு வைக்க முடியாது. காபி வேண்டாம், உட்கார நேரமில்லை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பெண்ணைப் பெற்றவர், கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, வேர்க்க விறுவிறுக்க உங்கள் வாசலில் வந்து நின்று, தலையைக் குனிந்துகொண்டு, கொடுத்த பத்திரிகையைத் திருப்பி வாங்கிப் போனால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? இலை, பொட்டு, ஓரம் என்றா நினைப்பீர்கள்?

மந்தைவெளியில் பையனுக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆகியிருந்தது. கோட்டூர்புரம் போவதற்குள் அவனுக்கு ஒரு குழந்தையும் பிறந்துவிட்டது. அடையாறில் யாரோ சாமியாரிடம் போய்த் தடை சொல்லிவிட்டார்கள், இரண்டாம் ஓலை வாசிக்கப்போவதில்லை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் இறங்கி வந்து, அட்டையை வெயிலில் தூக்கிப் பார்த்து, "ஐயோ" என்று கண்ணை மூடிக்கொள்ளும் ஃபிரெட்ரிக்கை அய்யாதுரை கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார். அவருக்கும் பெண் பிள்ளை உண்டு. பொறுக்க முடியாமல், வண்டியை ஓரங்கட்டி ஒரு டீ வாங்கிக் கையில் கொடுத்தார்.

"வுடு சார். நின்னுபோன கல்யாணத்துக்கு இன்னாத்துக்கு அழுதுக்கினு கீற? பாப்பா நல்லா கீதா, அத்த பாரு."

ஃபிரெட்ரிக் டீயைக் குடித்தார். காதில் விழுந்ததா என்றால், இல்லை. அப்போது அவர் கையில் இருந்த அட்டையில் இரண்டு பொட்டு.

இருபத்தாறு பத்திரிகையோடு அவர் வீடு திரும்பியபோது நாலு மணி. ஃப்ளோரா கதவுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. ஜொவிட்டா ஆபீசிலிருந்து ஓடிவந்திருந்தாள். நான் என்ன தப்பு செய்தேன், நேரில் சொல்லக்கூடாதா என்று மேத்யூ அவளிடம் போனில் அழுதிருக்கிறான். அவளும் அழுதிருக்கிறாள். ஃபிரெட்ரிக் அந்த இருபத்தாறையும் மேஜைமேல் வரிசையாக அடுக்கி, ஒவ்வொரு குற்றத்தையும் விரலால் தொட்டுக் காட்டினார். அவள் அட்டையைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாள்.

"டாடி, நீங்க பத்திரிகைய வாங்கிட்டு வரல. என் கல்யாணத்தைத் திருப்பி வாங்கிட்டு வந்திருக்கீங்க."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முப்பது வருஷமாகத் தூக்கி வளர்த்த பெண்ணை ஒரு பொட்டுக்காகத் தெருவில் நிறுத்திவிட்டோமே என்று அவர் நாற்காலியைத் தேடியபோது, வாசலில் கார் வந்து நின்றது. பவுல்சாமி இறங்கினார். கையில் ஃப்ளோரா கொடுத்த பத்திரிகை. அதை முகத்தில் விட்டெறிவதற்கென்றே திருவான்மியூரிலிருந்து கொண்டுவந்திருந்தார். எங்கள் குடும்பத்தில் என்ன குறை கண்டீர்கள் என்று நின்றபடியே கேட்டார்.

ஃபிரெட்ரிக் ஓர் அட்டையை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்து, இந்தக் குறைதான் சம்பந்தி, இந்த இலை, இது மட்டும் விழவில்லை, வேறொன்றும் இல்லை, சத்தியமாக இல்லை என்று அழாத குறையாகச் சொன்னார்.

பவுல்சாமி வாங்கிப் பார்த்தார். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார். அது யார் வீட்டுக்குப் போனது என்று கேட்டார். கீழ்வீட்டு மாமிக்கு என்றார்கள். அப்புறம், விட்டெறியக் கொண்டுவந்த தன் பத்திரிகையை மெதுவாகத் தூக்கி அதே விளக்கில் பிடித்தார். வெகு நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கீழ்வீட்டு அம்மாவுக்கு ஒரு பொட்டு. சம்பந்திக்கு மூணா?"

முப்பத்தாறு வருஷம் சிவப்புப் பேனா பிடித்த மனிதர். நல்ல வேளை, அவரும் அந்த இனம்தான். ஆனால் சமாதானமாகிவிட்டார் என்று மட்டும் நினைக்காதீர்கள். இப்போதுதான் உண்மையிலேயே கோபம் வந்திருந்தது. இவ்வளவு தெரிந்த நீங்கள் ஊரெல்லாம் போய் வாங்கினீர்களே, எங்கள் வீட்டுக்கு ஏன் வரவில்லை, நாங்கள் என்ன அவ்வளவு மட்டமா என்று ஆரம்பித்தார். கல்யாணம் மறுபடியும் ஆட ஆரம்பித்தது.

ஜொவிட்டா துப்பட்டாவிலிருந்து ஊக்கைக் கழற்றினாள். மாமனார் கையிலிருந்த பத்திரிகையைப் பிடுங்கி, மூன்று பொட்டையும் ஊக்கு முனையால் தட்டிவிட்டாள். மூன்றும் தரையில் விழுந்தன. மூன்று விநாடி ஆகியிருந்தால் அதிகம்.

"குத்தாதடி, அது தானா விழணும்" என்று ஃபிரெட்ரிக் எழுந்தே விட்டார். குத்தி எடுப்பது அவருக்குப் பரீட்சையில் காப்பியடிப்பது போல. மகள் திரும்பிப் பார்த்த பார்வையில் அப்படியே உட்கார்ந்துகொண்டார்.

பவுல்சாமி பத்திரிகையை மறுபடியும் விளக்கில் பிடித்தார். திருப்பிப் பிடித்தார். "இப்ப சரி" என்றார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஃப்ளோராவிடம் தனக்கும் ஓர் ஊக்கு கேட்டார். மறுநாள் இரண்டு சம்பந்திகளும் அய்யாதுரை ஆட்டோவில் ஒன்றாக உட்கார்ந்து அந்த இருபத்தாறு வீட்டுக்கும் போய்ப் பத்திரிகையைத் திரும்பக் கொடுத்தார்கள். எல்லா வீட்டிலும் காபி குடித்தார்கள். கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது, ஆட்டோக்காரர் குடும்பத்தோடு வந்திருந்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டில் மெஷினும் இல்லை, டையும் இல்லை, உங்களுக்கென்ன? ஆனால் நேற்று உங்கள் தங்கைக்கு வாட்ஸ்அப்பில் ஒன்று அனுப்பினீர்கள். அதில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. சட்டென்று அழித்துவிட்டு, அப்புறம் திருத்தி அனுப்பலாம் என்று வேறு வேலையில் இறங்கிவிட்டீர்கள். இந்தச் செய்தி நீக்கப்பட்டது என்று அங்கே இன்னும் அப்படியே நிற்கிறது. அண்ணன் என்ன சொல்ல வந்து சொல்லாமல் விட்டார், அம்மாவுக்கு ஏதாவதா, நம்மேல் கோபமா என்று அவள் நேற்றிலிருந்து சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறாள். புள்ளி கிடக்கட்டும், முதலில் அவளுக்கு ஒரு போன் போடுங்கள்.