பந்துக்கு எண்ணெய்க் குளியல்

திண்டிவனத்தில் பிறந்து திண்டிவனத்திலேயே வாழ்க்கைப்பட்டவள் நான். கிரைண்டரை வீட்டில் வைத்துக்கொண்டு அதில் ஒரு நாள்கூட மாவு அரைக்காத மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருத்தர்தான், அவர் எங்கள் மாடியில் குடியிருக்கிறார். பொய் சொன்னவர்களைச் சும்மா விடாது என்பார்களே, அந்தத் திருவாமாத்தூர் வட்டப்பாறை மேல் கை வைத்து வேண்டுமானாலும் இதைச் சொல்வேன்.

தெருவே அவரை 'பாலிஷ் சார்' என்றுதான் கூப்பிடும். அவருக்கு வேறு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு கொரியர்காரர் வந்தபோது, "அப்படி யாரும் இங்க இல்லியேப்பா" என்று நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். பாலிஷ் என்றதும் செருப்பு, பீரோ என்று நினைத்துவிடாதீர்கள். அவர் பாலிஷ் போடுவது பௌலிங் பந்துக்கு. கிரிக்கெட் இல்லை. பெரிய பெரிய மால்களில் நீளமான மரத்தரையில் ஒரு கனத்த பந்தை உருட்டிவிட்டு, கோடியில் நிற்கும் பத்துக் கட்டைகளைச் சாய்ப்பார்களே, அந்த ஆட்டம்.

நாற்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. விழுப்புரத்தில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் மேனேஜர். காலை ரயிலில் போய்ச் சாயந்திரம் வருவார். சனிக்கிழமை கடைக்கு லீவு, அன்றைக்கு முழுக்கப் பந்தைத் தேய்ப்பதுதான் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பந்தைத் தூக்கிக்கொண்டு புதுச்சேரி பஸ் ஏறிவிடுவார். அங்கேதான் அந்த ஆட்டத்துக்கு இடம் இருக்கிறது. மற்றவர்கள் அங்கே கிடக்கிற பந்தை எடுத்து ஆடிவிட்டு, ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். இவர் தன் விரல் அளவுக்கு ஓட்டை போட்ட சொந்தப் பந்து வைத்திருக்கிறார். கருநீல நிறம். பெண் பார்க்கப் போகிற இடத்துக்குக்கூட அதைக் கொண்டுபோனார் என்று கேள்வி. கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று அதற்கப்புறம் நான் யோசிப்பதே இல்லை.

குடி வந்த முதல் வாரமே கேட்டேன், "ஏன் சார், பந்து நல்லாத்தானே இருக்குது? அதைப் போயி எதுக்கு நாள் பூரா தேய்ச்சிக்கினு கீறீங்க?"

"அக்கா, பந்துக்குத் தோலுதான் முக்கியம். சொரசொரன்னு இருந்தா தரையைப் புடிச்சிக்கினு சீக்கிரமே திரும்பிடும். வழவழன்னு இருந்தா நேரா போயி, கடைசில சட்டுன்னு திரும்பும். எடத்துக்கு ஏத்த மாதிரி நாமதான் தேய்ச்சி வச்சிக்கணும்."

"அப்ப எங்க வீட்டுக்காரரையும் கொஞ்சம் தேய்ச்சிக் குடுங்க சார். மனுஷன் கடைத்தெருவுல நேரா போய்க்கினே இருக்காரு, கூப்பிட்டா திரும்பவே மாட்டேன்றாரு."

அவர் சிரிக்கவில்லை. "அண்ணனுக்கு எத்தினி நம்பர் தாள் போடணும்னு பாக்கணும்க்கா" என்றார். உப்புத்தாளில் முரடு, நடுத்தரம், மெல்லிசு என்று பல நம்பர் உண்டு. முரட்டுத் தாளில் ஆரம்பித்து மெல்லிசில் முடிப்பார். தண்ணீர் தெளித்துத் தேய்ப்பார். அப்புறம் பந்தைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் வீட்டில் தீப்பிடித்தால்கூட நாம் காத்திருக்கத்தான் வேண்டும்.

இந்தக் கிறுக்கு பந்தோடு நின்றதா? பக்கத்துத் தெருக் கல்யாணத்தில் முன்வரிசைப் பெரியவர் ஒருவரின் வழுக்கைத் தலையைப் பார்த்து, "சூப்பர் ஃபினிஷிங்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டார். பெரியவர் பெண் வீட்டுக்காரர். பந்தி முடிவதற்குள் நாங்கள் கிளம்ப வேண்டியதாயிற்று. இன்னொரு நாள், என் தோசைக்கல்லைத் தடவிப் பார்த்து, "சொரசொரப்பா கீதுக்கா" என்று மாடிக்கு எடுத்துப் போனார். கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொண்டுவந்தார். முகம் பார்த்துத் தலை சீவலாம். ஆனால் வருஷக்கணக்கில் எண்ணெய் ஏறிப் பழகிய கல் அல்லவா? ஒரு வாரம் எங்கள் வீட்டில் தோசை கிடையாது, சுரண்டல்தான்.

புதுச்சேரி பஸ்ஸில் நடந்ததை அவரே சொன்னார். கிளியனூர் வேகத்தடையில் பஸ் தூக்கிப் போட்டதும், பையில் இருந்த பந்து கீழே விழுந்து உருண்டுவிட்டது. பின் சீட்டில் தொடங்கி டிரைவர் வரைக்கும் ஒவ்வொருவராகக் காலைத் தூக்கியிருக்கிறார்கள். மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, மூட்டையோடு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா ஒருத்தி மூட்டையைக் குறுக்கே சாய்த்து அதை நிறுத்தி, "யாருதுய்யா இந்த தர்பூசு? கல்லாட்டம் கனக்குது, இதத் துன்னா பல்லு பூடும்" என்றாளாம். இவர் ஓடிப்போய்ப் பந்தை எடுத்தார். எடுத்தவர் நன்றி சொன்னாரா? இல்லை. "மூட்டைல உரசி கீறல் வுழுந்துடுச்சிம்மா" என்று சண்டைக்குப் போயிருக்கிறார்.

சரி, கிரைண்டர் கதைக்கு வருகிறேன். நான் புது கிரைண்டர் வாங்கியதும் பழையதை அவர் கேட்டார். தனி ஆளாச்சே, பாவம், இட்லிக்கு அரைத்துக்கொள்வார் என்று கொடுத்தேன். அவர் குழவிக்கல்லைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே ஒரு பிரிமனையைப் போட்டு அதன்மேல் பந்தை உட்கார வைத்தார். பானைக்கு அடியில் வைக்கிற அதே வைக்கோல் பிரிமனைதான். சுவிட்சைப் போட்டால் பந்து சுற்றும். மேலே உப்புத்தாளைப் பிடித்தால் போதும், கை வலிக்காது. இதற்கென்றே வெளிநாட்டில் மெஷின் விற்கிறார்களாம். "நம்ம ஊர்ல இட்லி துன்றவன் வூட்லல்லாம் அது இருக்குதுக்கா, யாருக்கும் தெரியல" என்றார். கர்வம் என்றால் அப்படி ஒரு கர்வம்.

என் வீட்டுக்காரருக்குத்தான் பேஜாரு. லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தவரை தூங்கவே விடவில்லை என்று, இப்போது மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பழைய பாக்கியை எல்லாம் சேர்த்துத் தூங்குகிறார். சனிக்கிழமை ஆனால் அவர் தலைக்கு நேர் மேலே கிரைண்டர் 'கடகட'வென்று ஓடும். கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் பிரிமனை நைந்துபோய், சுற்றிக்கொண்டிருந்த பந்து துள்ளி எகிறி, மாடிப்படியில் ஒவ்வொரு படியாகத் 'தொம் தொம்' என்று இறங்கி, வாசலில் நின்ற எங்கள் ஸ்கூட்டரின் முன்பக்கத்தைச் சப்பையாக்கிவிட்டு நின்றது.

பாலிஷ் சார் மூச்சிரைக்க இறங்கி வந்தார். ஸ்கூட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பந்தைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "நல்லவேளை, ஒண்ணும் ஆவல" என்றார்.

என் வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டினார். "சார்! இத்தினி நாளா தேய்க்கிறீங்களே, ஒரு தபா, ஒரே ஒரு தபா ஜெயிச்சிருக்கீங்களா?"

"வர்ற மாசம் பாண்டியில பெரிய போட்டி இருக்குதுண்ணே."

"அதுல கப்பு வாங்கிக்கினு வாங்க, ஆயுசுக்கும் இருங்க. வாங்கலியா, பந்தையும் எடுத்துக்கினு ஜல்தியா காலி பண்ணுங்க."

"வாக்குண்ணே" என்றார் பாலிஷ் சார். இரண்டு ஆண்பிள்ளைகளும் கை குலுக்கிக்கொண்டார்கள். வீடு என் பெயரில் இருக்கிறது, என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போட்டி ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. பாலிஷ் சார் கடையில் பூஜை என்று விழுப்புரத்துக்குக் கிளம்பினார். போகும்போது, மாதக்கணக்காகத் தேய்த்துப் பதமாக்கிய பந்தை என்னிடம் கொடுத்து, "இதுதான்க்கா என் ஆயுதம். உங்க பூஜைல வச்சிடுங்க" என்றார். பூசணிக்காய்க்குப் பக்கத்தில் வைத்தேன். பிறகு, எதை உடைப்பது என்று யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதே என்று கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்குக் கருவிகளைத் துடைத்து எண்ணெய் போடுவது என் வீட்டுக்காரர் வேலை. ஸ்பேனர், கடப்பாரை, அரிவாள்மனை எல்லாவற்றுக்கும் நல்லெண்ணெய் பூசுவார். அன்றைக்குப் பந்துக்கும் பூசினார். சும்மா இல்லை, அழுத்தித் தேய்த்து, பளபளவென்று, மேலே சந்தனம் குங்குமம் வைத்து. "இன்னா இருந்தாலும் நம்ம வூட்ல குடி இருக்கிறவரு. ஜெயிக்கட்டுமே" என்றார். எனக்கே மனசு குளிர்ந்துபோயிற்று. பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி பூஜை முடிகிற வரைக்கும் தொடக்கூடாது என்பதால் பந்து ராத்திரி முழுக்க அப்படியே இருந்தது.

சனிக்கிழமை காலையில் பூஜை முடிந்ததும் பாலிஷ் சார் வந்தார். பந்தைப் பார்த்தார். விரலால் தொட்டார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா... யாருக்கா எண்ணெய் பூசினது?"

அந்தப் பந்தின் தோல் எண்ணெய் குடிக்குமாம். குடித்துவிட்டால் தரையில் பிடிமானம் இருக்காது, திரும்பவே திரும்பாது. எண்ணெய்க் கையால் பாட்டில் மூடியைத் திறக்கிற கதைதான். அவர் இதைச் சொல்லச் சொல்ல, என் வீட்டுக்காரர் முகம் சுண்டிவிட்டது. "நல்லதுன்னு நெனைச்சித்தான் சார்..." என்றார். அந்த மனிதர் குரல் இறங்கி அன்றைக்குத்தான் கேட்டேன்.

"ஒரு வழி இருக்குதுண்ணே. சுடுதண்ணில முக்கி வச்சா குடிச்ச எண்ணெய் வெளிய வரும். கை பொறுக்கிற சூடுதான். கொதிச்சா வெடிச்சிடும்."

விசேஷத்துக்கு பிரியாணி செய்கிற அண்டாவைப் பரணிலிருந்து இறக்கினோம். தண்ணீரை விளாவி நான் கையை விட்டுச் சூடு பார்த்தேன், கைக்குழந்தைக்குப் பார்ப்பது போல. பந்து உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் எண்ணெய் முத்து முத்தாக மேலே வந்தது. என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே குந்திக்கொண்டு, வந்த எண்ணெயை எல்லாம் பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுத்தார். மத்தியானம் ஆயிற்று. தூக்கம் போயிற்றே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. திடீரென்று எழுந்து உள்ளே போய் சீயக்காய்த் தூள் டப்பாவோடு வந்தார்.

"இது இன்னாத்துக்கு?" என்றேன்.

"சனிக்கெழம. எண்ணெ தேய்ச்சா சீயக்கா போட்டுத்தான் ஆவணும். எனக்கே போவுது, பந்துக்குப் போவாதா?"

பாலிஷ் சார் அதைத் தீவிரமாக யோசித்தார். "மெல்லிசு தாள் மாதிரியும் வேலை செய்யும்ணே" என்று ஒத்துக்கொண்டார். சாயந்திரம் கிரைண்டர் ஓடியது. இந்த முறை பிரிமனை நகராமல் பிடித்துக்கொண்டு நின்றவர் என் வீட்டுக்காரர். சாம்பிராணிதான் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் புதுச்சேரி போனோம். முதல் பந்தே நேராகப் போய் ஓரத்துக் கால்வாயில் விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. எண்ணெய் முழுசாகப் போகவில்லை. ஆட்டம் ஆரம்பித்த பிறகு தேய்க்கக்கூடாது என்று சட்டமாம். என் வீட்டுக்காரர் எழுந்து நின்று, "திரும்பு! திரும்புன்றேன்ல!" என்று பந்தைப் பார்த்துக் கத்தினார். அந்த இடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள், பந்து மட்டும் திரும்பவில்லை.

பாதிக்கு மேல்தான் பந்துக்குப் புத்தி வந்தது. நேராகப் போய்க் கடைசியில் சட்டென்று வளைந்து கட்டைகளைச் சிதற அடித்தது. அடுத்ததும் அப்படியே. பாலிஷ் சார் விறுவிறுவென்று மேலே ஏறினார். கடைசி உருட்டலில் எல்லாக் கட்டையும் விழுந்தால் கப்பு அவருக்கு. உருட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் ஒன்பது கட்டை விழுந்திருந்தது. பத்தாவது இப்படி ஆடியது, அப்படி ஆடியது, நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் பாலிஷ் சார் மாடிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் சாமான் நகர்த்துகிற சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் படியேறினார், நானும் பின்னாலேயே போனேன். பாலிஷ் சார் துணிமணியைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னா சார் பண்றீங்க?"

"வாக்கு வாக்குதானேண்ணே."

"எண்ணெ பூசினது நானு. அப்ப தோத்தது யாரு? நானு! நான் தோத்ததுக்கு நீங்க ஏன் சார் காலி பண்றீங்க? இந்த ஆட்டம் செல்லாது. அந்தப் பெட்டியைப் பரண்ல போடுங்க மொதல்ல."

பாலிஷ் சார் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் காபி போடுகிறேன் என்று கீழே இறங்கி வந்துவிட்டேன்.

அதற்கப்புறமும் அவர் எத்தனையோ போட்டிக்குப் போனார், ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் என் வீட்டுக்காரர் ஒரு தீர்ப்பு வைத்திருக்கிறார். ஏசி அதிகம், செல்லாது. எதிராளி இடதுகைக்காரன், செல்லாது. இப்போது பெங்களூரில் ஒரு பெரிய போட்டி வருகிறது. அதில் ஜெயிப்பவருக்கு அங்கேயே வேலையும் போட்டுக் கொடுக்கிறார்களாம், குடியிருக்க வீடும் தருகிறார்களாம். பந்து அப்படி ஒரு பதத்தில் இருக்கிறது, இந்த முறை கப்பு நிச்சயம் என்று மாடியில் இரண்டு பேரும் குதிக்கிறார்கள். "அக்கா, எனக்காக சாமி கிட்ட வேண்டிக்கங்க" என்று போகும்போதும் வரும்போதும் சொல்லிவிட்டுப் போகிறார்.

தினம் விளக்கேற்றி வேண்டிக்கொண்டுதான் இருக்கிறேன். அவர் நன்றாக ஆட வேண்டும், நாலு பேர் பார்த்துக் கைதட்ட வேண்டும், கடைசியில் ஒரே ஒரு கட்டை மட்டும் விழாமல் நின்றுவிட வேண்டும்.